நோயாளி ரிஸ்க் ஸ்கோர் தப்பாக வருகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மருத்துவத் தரவு மென்பொருளில் ரிஸ்க் ஸ்கோர் மாடலை, அதாவது ஒரு நோயாளிக்கு எவ்வளவு ஆபத்து என்று எண்ணில் சொல்லும் கணக்கை, நிறுவி முடித்த அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். திரையில் எண்கள் வரும், சிவப்பு மஞ்சள் பச்சை என்று பட்டியல் பிரியும். அப்புறம் ஒரு மருத்துவர் வந்து, "இவருக்கு எப்படிப் பச்சை வந்தது?" என்று கேட்பார். நம் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

உடனே மாடலைத் திரும்பப் பயிற்றுவிக்கலாமா என்று யோசிப்பவர்கள் அதிகம். நான் மாடலைக் கடைசியில்தான் தொடுவேன். பிழை பெரும்பாலும் மாடலுக்குள் நுழையும் தரவில் இருக்கிறது: அலகு, குறியீடு, தேதி, நோயாளி எண். இவை நான்கும் சரி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கணிதத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் ஒரே ஒரு நோயாளி

அறிகுறி எதுவாக இருந்தாலும் முதல் படி ஒன்றுதான். புகார் வந்த நோயாளி ஒருவரை எடுத்து, அவருடைய கேஸ் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்கோரைக் கையால் போடுங்கள். ஆயிரம் பேரின் சராசரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். ஒருவருடைய கணக்கு பிழை இருக்கும் இடத்தைச் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும்.

லேஸ் ஸ்கோரை எடுத்துக்கொள்வோம். டிஸ்சார்ஜ் ஆனவர் 30 நாளுக்குள் இறக்கவோ, எதிர்பாராமல் மறுபடி அட்மிட் ஆகவோ எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் அளவுகோல். கனடாவில் உருவானது, 2010ல் வெளியானது. 0 முதல் 19 வரை போகும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிக ஆபத்து என்று வைப்பது வழக்கம். நான்கே விஷயங்கள்: எத்தனை நாள் தங்கினார், அவசரமாக அட்மிட் ஆனாரா, கூடவே என்னென்ன நோய், முந்தைய ஆறு மாதத்தில் எத்தனை முறை அவசரப் பிரிவுக்கு வந்தார்.

நம் நோயாளி 5 நாள் தங்கினார் என்று வைப்போம். அதற்கு 4 புள்ளி. அவசர அட்மிஷன், 3 புள்ளி. இதயச் செயலிழப்புக்கு 2, சிக்கல் இல்லாத சர்க்கரை நோய்க்கு 1, ஆக 3. அவசரப் பிரிவுக்கு முன்பு ஒரு முறை வந்திருக்கிறார், 1. மொத்தம் 11. திரையோ வேறு எண்ணைக் காட்டுகிறது. இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள், அதுவே பாதித் துப்பு.

திரையில் 8 என்றால், 3 புள்ளி முழுசாகக் காணோம். அவசர அட்மிஷன் பகுதியோ நோய்ப் பகுதியோ பூஜ்ஜியமாகியிருக்கலாம்; முதலில் அட்மிஷனைப் பாருங்கள். அட்மிஷன் வகைக்கு உங்கள் மருத்துவமனை வைத்திருக்கும் குறியீடு மென்பொருளின் பட்டியலில் இல்லாமல், "திட்டமிட்டது" என்று விழுந்திருக்கும். 11க்கும் 8க்கும் நடுவில்தான் 10 என்ற கோடு இருக்கிறது. அவர் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடுவார்.

திரையில் 10 என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று, பழைய அவசரப் பிரிவு வருகை எண்ணப்படவில்லை. இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. சார்ல்சன் என்பது கூடவே இருக்கும் நோய்களுக்குப் புள்ளி போடும் பழைய அளவுகோல். லேஸ் பயன்படுத்தும் நோய் எடைகள் 1987ல் வந்த மூல சார்ல்சன் எடைகள் அல்ல. மூல சார்ல்சனில் இதயச் செயலிழப்புக்கு 1, லேஸில் 2. மென்பொருளில் ஏற்கெனவே ஒரு சார்ல்சன் கணக்கு இருந்ததால் அதையே லேஸுக்கும் இணைத்துவிட்டால், இந்த ஒரு புள்ளி சத்தமில்லாமல் கழன்றுவிடும்.

திரையில் 12 என்றால், இந்த அட்மிஷனுக்குக் காரணமான அவசரப் பிரிவு வருகையையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. விதிப்படி அது சேரக்கூடாது.

இதில் ஒரு ஏற்பாடு தவிர்க்க முடியாதது: மொத்த ஸ்கோரோடு, ஒவ்வொரு பகுதியின் புள்ளியையும் தனித்தனி நெடுவரிசையில் சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள். மொத்தத்தை மட்டும் சேமிக்கும் அமைப்பில் பிழை தேடுவது பெரிய தலைவலி.

அறிகுறி: ஸ்கோர் காலி, அல்லது எல்லோருக்கும் பூஜ்ஜியம்

காலியும் பூஜ்ஜியமும் வேறு வேறு நோய்கள். காலி என்றால் கணக்கே நடக்கவில்லை. பூஜ்ஜியம் என்றால் கணக்கு நடந்தது, ஆனால் எதுவும் பொருந்தவில்லை.

காலிக்கு நோயாளி எண்ணைப் பாருங்கள். ஒரு டேபிளில் "0004512", இன்னொன்றில் "4512". நடுவில் யாரோ சிஎஸ்வி ஃபைலை எக்செலில் திறந்து சேமித்திருப்பார்கள். முன்னால் இருந்த பூஜ்ஜியங்கள் போய்விட்டன, இரண்டு டேபிளும் இணையவில்லை. எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடமும் இதே வேலையைச் செய்யும்.

பூஜ்ஜியத்துக்கு நோய்க் குறியீட்டைப் பாருங்கள். நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10ல் சிக்கலில்லாத இரண்டாம் வகை சர்க்கரை நோய் "E11.9". பில்லிங் தரவில் புள்ளி இல்லாமல் "E119" என்று வரும். மென்பொருளின் பட்டியலில் புள்ளி இருந்தால் ஒன்றும் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. இரண்டு பக்கமும் புள்ளியை எடுத்துவிட்டு, பெரிய எழுத்தாக்கி, பிறகு ஒப்பிடுங்கள். உங்கள் தரவு ஓமாப் என்ற பொதுத் தரவு வடிவில் இருந்தால் இன்னும் சுலபம்: பொருந்தாத குறியீடுகள் எல்லாம் கான்செப்ட் எண் 0 என்று விழும். நோய் டேபிளில் எத்தனை வரிகள் 0 என்று எண்ணிப் பாருங்கள், மேப்பிங்கின், அதாவது குறியீடுகளைப் பொருத்தும் பட்டியலின், லட்சணம் தெரிந்துவிடும்.

அறிகுறி: ஒரு வார்டு முழுக்கத் திடீரென்று சிவப்பு

உடனே அலகைப் பாருங்கள். வேறு எதையும் பார்க்கும் முன்.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017ல் வெளியிட்ட நியூஸ் 2, வார்டில் இருப்பவரின் நிலை மோசமாவதை முன்கூட்டியே எச்சரிக்கும் ஸ்கோர். அதில் உடல் வெப்பம் 39.1 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால் 2 புள்ளி. வார்டில் புதிதாக வந்த கருவி ஃபாரன்ஹீட்டில் அனுப்புகிறது என்று வையுங்கள். நல்ல உடம்போடு இருப்பவரின் 98.6, மென்பொருளுக்குக் கொளுத்தும் காய்ச்சல். எல்லோருக்கும் ஒரேயடியாக 2 புள்ளி ஏறும். ஆக்சிஜன் அளவை 97 என்று அனுப்பாமல் 0.97 என்று அனுப்பும் கருவி இன்னும் மோசம்; 91 அல்லது அதற்குக் கீழ் என்று எடுத்துக்கொண்டு ஆளுக்கு 3 புள்ளி போட்டுவிடும். ஒரு குழுவுக்கே ஒரே அளவு புள்ளி கூடியிருந்தால் அது நோய் அல்ல, அலகு.

லேப் மதிப்புகளிலும் இதே கதை. கிரியேட்டினின் 1 மி.கி./டெ.லி. என்பது 88.4 மைக்ரோமோல்/லிட்டர். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராம் என்றால் லிட்டருக்கு 120 கிராம். சர்க்கரை நோய்க்குப் பார்க்கும் ஹெச்பிஏ1சி 7 சதவீதம் என்றால் மில்லிமோல்/மோல் அலகில் 53. இரண்டு லேபிலிருந்து தரவு வந்தால் ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள்: ஒரே பரிசோதனைக்கு இரண்டு மேடுகள் தெரிந்தால் இரண்டு அலகு கலந்திருக்கிறது. சராசரி மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. மதிப்போடு அலகும் சேர்ந்து வராத எந்த வரியையும் உள்ளே விடாதீர்கள். "நம் லேப் எப்போதும் இந்த அலகில்தான் தரும்" என்ற வாக்குறுதி புதுக் கருவி வரும் வரைதான்.

நியூஸ் 2ல் அலகு சரியாக இருந்தும் தப்பு வரும் இடம் ஒன்று உண்டு. ஆக்சிஜன் அளவுக்கு அதில் இரண்டு அட்டவணை. ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் வகை மூச்சுச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, அதாவது இலக்கே 88 முதல் 92 சதவீதம் என்று மருத்துவர் வைத்திருப்பவர்களுக்கு, இரண்டாவது அட்டவணை. அப்படிப்பட்டவர் 90 சதவீதத்தில் இருந்தால் இரண்டாவது அட்டவணையில் 0 புள்ளி. முதல் அட்டவணையில் போட்டால் 3. எதிர்ப்பக்கமும் உண்டு: அவருக்கே ஆக்சிஜன் கொடுத்து 97க்கு ஏறிவிட்டால் இரண்டாவது அட்டவணை 3 புள்ளி போட்டு எச்சரிக்கும், முதல் அட்டவணை 0 என்று சும்மா இருக்கும். எந்த அட்டவணை என்பதை மருத்துவர் குறிக்கும் கட்டம் மென்பொருளில் இருக்கிறதா, அது ஸ்கோர் கணக்குக்குப் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். நோய்ப் பட்டியலில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று இருந்தாலே இரண்டாவது அட்டவணைக்குத் தள்ளும் தானியங்கி விதியை நான் ஏற்க மாட்டேன். அது மருத்துவரின் முடிவு.

அறிகுறி: நோய் முற்றியவருக்கும் ஸ்கோர் குறைவு

மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். முதலாவது, ஒரே ஆளுக்கு இரண்டு எண். பெயர் எழுத்து மாறி, அவசரப் பிரிவில் புதுப் பதிவு போட்டிருப்பார்கள். இதய நோய் ஒரு எண்ணில், சிறுநீரக நோய் இன்னொன்றில். இரண்டிலும் பாதி ஸ்கோர். பிறந்த தேதியும் தொலைபேசி எண்ணும் ஒன்றாக இருந்து நோயாளி எண் மட்டும் வேறாக இருக்கும் ஜோடிகளைத் தேடுங்கள். சேர்க்கும் முடிவைப் பதிவுப் பிரிவிடம் விடுங்கள், நீங்களாகச் சேர்க்க வேண்டாம். (பிறந்த தேதி 1900 ஜனவரி 1 என்று இருப்பவர்களை இந்தத் தேடலில் ஒதுக்கிவிடுங்கள். அந்த நாளில் பிறந்தவர்கள் மென்பொருளில் மட்டும் ஏராளம். வயதுப் புள்ளியும் அவர்களுக்குத் தாராளமாக ஏறியிருக்கும்.)

இரண்டாவது, பின்னோக்கிப் பார்க்கும் காலம். மாடல் 12 மாதத் தரவைப் பார்க்கும்படி அமைந்திருக்கிறது, நோயாளி வந்தது 14 மாதத்துக்கு முன். நாள்பட்ட நோய் அதற்குள் ஆறிவிடாது, ஆனால் மென்பொருளுக்கு அது மறைந்துவிட்டது. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர், நோய்களை வைத்துச் செலவைக் கணிக்கப் பயன்படுத்தும் ஹெச்சிசி மாடலில் இது விதியாகவே இருக்கிறது: நாள்பட்ட நோயையும் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் பதிய வேண்டும். அங்கே ஜனவரியில் ஸ்கோர் சரிந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அந்த மாடலின் பதிப்பும் 24லிருந்து 28க்கு மாறியது. பழைய பதிப்பில் எடை இருந்த பல குறியீடுகளுக்குப் புதியதில் எடை இல்லை.

மூன்றாவது, நோயின் படிநிலை. சார்ல்சனில் சிக்கலில்லாத சர்க்கரை நோயும் சிக்கலுள்ள சர்க்கரை நோயும் ஒருவருக்கே பதிவாகியிருந்தால் கனமானதை மட்டும் எண்ண வேண்டும். புற்றுநோய், பரவிய புற்றுநோய்; லேசான கல்லீரல் நோய், முற்றிய கல்லீரல் நோய்: எல்லாம் அப்படியே. சில அமைப்புகளில் முதலில் கண்ட குறியீட்டோடு தேடல் நின்றுவிடும், அதனால் லேசானதே தங்கிவிடும். விதியே இல்லாத அமைப்பில் இரண்டையும் கூட்டி ஸ்கோர் வீங்கும்.

வீங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "அம்மாவுக்குப் புற்றுநோய் இருந்தது" என்ற குடும்ப வரலாற்றையும், "இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும்" என்ற சந்தேகத்தையும் நோயாகவே எண்ணும் அமைப்புகள். ஐசிடி-10ல் குடும்ப வரலாற்றுக்கும் பழைய வரலாற்றுக்கும் தனிக் குறியீடுகள் இருக்கின்றன, அவற்றை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

அறிகுறி: சோதனையில் அபாரம், வார்டில் சொதப்பல்

இது லேஸ் போன்ற ஆயத்த ஸ்கோர்களில் அதிகம் வராது. நீங்களே பயிற்றுவித்த மாடலில் வரும். மறு அட்மிஷனைக் கணிக்கும் மாடலுக்கு ஏயூசி (ஆபத்துள்ளவரை மற்றவருக்கு மேலே வரிசைப்படுத்தும் திறனின் அளவு; 0.5 என்றால் குருட்டாம்போக்கு, 1 என்றால் முழுச் சரி) 0.95 வந்தால் கொண்டாடாதீர்கள், சந்தேகப்படுங்கள். அந்தக் கணிப்பு கடினமானது. வெளியான மாடல்களில் பல 0.6லிருந்து 0.75க்குள்தான் நிற்கின்றன.

பெரும்பாலும் எதிர்காலம் உள்ளே கசிந்திருக்கும். அட்மிட் ஆன முதல் நாளில் ஓட வேண்டிய மாடலுக்கு, டிஸ்சார்ஜுக்குப் பிறகு குறியீட்டாளர் போட்ட நோய்க் குறியீட்டைக் கொடுத்துப் பயிற்றுவித்திருப்பார்கள். செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலை) மாடலுக்கு ஆன்டிபயாட்டிக் ஆர்டரை உள்ளீடாகக் கொடுத்தால், மருத்துவர் ஏற்கெனவே சந்தேகப்பட்டதைத்தான் மாடல் திரும்பச் சொல்லும்.

பிடிக்கும் வழி: மாடல் அதிகம் நம்பும் ஐந்து உள்ளீடுகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும், "கணிக்கும் நொடியில் இந்த மதிப்பு தரவுத்தளத்தில் இருந்ததா?" என்று கேளுங்கள். இங்கே எந்த நேரத்தை வைத்துப் பார்க்கிறோம் என்பது முக்கியம். ரத்தம் எடுத்த நேரம் காலை 6, முடிவு பதிவானது 9 என்றால், 7 மணிக்கு ஓடும் ஸ்கோருக்கு அது தெரியாது. பயிற்சித் தரவில் ரத்தம் எடுத்த நேரத்தை வைத்திருந்தால் மாடல் மூன்று மணி நேரம் எதிர்காலத்தைப் பார்த்துப் பழகியிருக்கும்.

சோதனைக்குத் தரவைப் பிரித்த விதத்தையும் பாருங்கள். வரிகளைக் குலுக்கிப் பிரித்தால் ஒரே நோயாளி இரண்டு பக்கமும் வருவார். நோயாளி வாரியாகப் பிரிக்க வேண்டும். முடிந்தால் காலவாரியாகவும், பழைய ஆண்டுகளில் பயிற்சி, கடைசி ஆண்டில் சோதனை என்று.

கசிவு இல்லையென்றால் அடுத்தது இணைப்புச் சிக்கல். பயிற்சித் தரவிலிருந்து இருபது வரிகளை எடுத்து நேரலைப் பாதை வழியாக ஓட்டுங்கள். தசமம் வரை அதே விடை வர வேண்டும். வராவிட்டால் நெடுவரிசைகளின் வரிசை மாறியிருக்கும், அல்லது விடுபட்ட மதிப்பை நிரப்பும் விதி வேறாக இருக்கும். பயிற்சியில் நடு மதிப்பால் நிரப்பி, நேரலையில் பூஜ்ஜியத்தால் நிரப்பும் அமைப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ரத்த அழுத்தம் பூஜ்ஜியம் என்று ஒரு மாடலுக்குச் சொன்னால் அது என்ன செய்யும், பாவம்.

அறிகுறி: வரிசை சரி, சதவீதம் பயமுறுத்துகிறது

ஆபத்தானவர்கள் மேலேதான் வருகிறார்கள், ஆனால் வார்டில் பாதிப் பேருக்கு 60 சதவீதம், 80 சதவீதம் என்று காட்டுகிறது. பயிற்சியின்போது அரிய நிகழ்வைச் சமப்படுத்தினீர்களா என்று பாருங்கள். உண்மையில் 100க்கு 5 பேருக்கு நடப்பதை 50க்கு 50 ஆக்கிப் பயிற்றுவித்தால், மாடல் அந்த உலகத்தைத்தான் உண்மை என்று நம்பும். ஏயூசி இதைக் காட்டிக்கொடுக்காது, அது வரிசையை மட்டுமே பார்க்கிறது.

திருத்தம் சின்னக் கணக்கு. மாடல் 0.8 என்கிறது, நடக்கும், நடக்காது என்ற விகிதம் 4க்கு 1. அதை உண்மை விகிதமான 5க்கு 95ஆல், அதாவது 0.0526ஆல் பெருக்குங்கள்: 0.21. திரும்ப நிகழ்தகவாக்கினால் 0.17 சொச்சம். 80 சதவீதம் என்று பயந்தது 17 சதவீதம்தான்.

சமப்படுத்தவே இல்லை, ஆனாலும் தள்ளி நிற்கிறது என்றால், நோயாளிகளைக் கணிப்பு வாரியாகப் பத்துக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் கணித்த சராசரியையும் உண்மையில் நடந்ததையும் பக்கத்தில் வையுங்கள். எல்லாக் குழுவும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அடிப்படை எண்ணை நகர்த்தினால் போதும். மேல் குழுக்களில் கணிப்பு மிக அதிகம், கீழ்க் குழுக்களில் மிகக் குறைவு என்றால் மாடல் பயிற்சித் தரவை மனப்பாடம் செய்திருக்கிறது. சாய்வையும், அதாவது கணிப்பு ஏறி இறங்கும் வேகத்தையும், திருத்த வேண்டும்.

அறிகுறி: அலர்ட் ஓயவில்லை

இது பிழையாகவே இல்லாமல் இருக்கலாம். 1000 பேரில் 20 பேருக்கு வரும் நிகழ்வு, மாடல் அதில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, வராதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது. நல்ல மாடல்தான். ஆனாலும் 16 சரியான அலர்ட்டோடு 98 பொய் அலர்ட் வரும். ஏழில் ஒன்றுதான் உண்மை. இதை நிறுவும் முன்பே நர்ஸ்களிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வாசலை, அதாவது அலர்ட் அடிக்கும் ஸ்கோர் எல்லையை, உயர்த்தும் முன், ஒரே ஆளுக்கு மணிக்கு ஒரு முறை அலர்ட் போகிறதா என்று பாருங்கள். ஒரு முறை பார்த்து ஒப்புக்கொண்டபின், ஸ்கோர் மேலும் ஏறினால் மட்டும் மறுபடி எழுப்பும்படி அமைத்தாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும். எவ்வளவு சத்தத்துக்கு எவ்வளவு பலன் என்பதையும் உங்கள் தரவிலேயே அளந்து பாருங்கள். பரவலாகப் புழங்கும் ஒரு செப்சிஸ் மாடலை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைத் தரவில் சோதித்த ஆய்வு 2021ல் வந்தது: ஏயூசி 0.63, அட்மிட் ஆனவர்களில் 18 சதவீதத்துக்கு அலர்ட் அடித்தும், செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைத் தவறவிட்டது.

அறிகுறி: நோயாளி அப்படியே, ஸ்கோர் மட்டும் மாறியது

குறியீட்டுப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டதா? அமெரிக்க ஐசிடி-10 திருத்தங்கள் முக்கியமாக அக்டோபர் 1ல் அமலுக்கு வரும். இரவு வேலை லேப் தரவு வந்து சேரும் முன்பே ஓடியதா? சர்வர் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்க, அட்மிஷன் நேரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறதா? நள்ளிரவை ஒட்டி அட்மிட் ஆனவர்களின் தங்கிய நாள் ஒன்று கூடும் அல்லது குறையும். ஒவ்வொரு ஸ்கோர் வரியிலும் மாடல் பதிப்பு, மேப்பிங் பதிப்பு, ஓடிய நேரம் மூன்றையும் எழுதி வைத்தால் இந்த அறிகுறி வந்த வேகத்தில் தீரும்.

அறிகுறி: ஸ்கோரின் திசையே தலைகீழ்

நிமோனியா நோயாளிகளுக்கான ஒரு மாடல், ஆஸ்துமா இருந்தால் சாகும் ஆபத்து குறைவு என்று கற்றுக்கொண்டது. 2015ல் வெளியான ஆய்வில் இது விளக்கப்பட்டிருக்கிறது. தரவு பொய் சொல்லவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களை நேராகத் தீவிர சிகிச்சைக்கு அனுப்பியதால் அவர்கள் பிழைத்தார்கள். அந்த மாடலை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒரு உள்ளீடு மருத்துவ அறிவுக்கு எதிராகப் போனால், இடையில் எந்தச் சிகிச்சை நுழைந்தது என்று மருத்துவரைக் கேளுங்கள்.

இன்னொரு வகை, இலக்கே தப்பு. நோயின் கடுமையைக் கணிக்க வேண்டிய இடத்தில் செலவைக் கணிக்கும் மாடல். அமெரிக்காவில் பெரிய அளவில் புழங்கிய ஒன்றைப் பற்றி 2019ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, ஒரே ஸ்கோர் பெற்ற கறுப்பின நோயாளிகள் வெள்ளையரைவிட அதிக நோயோடு இருந்ததைக் காட்டியது. அவர்களுக்குக் குறைவாகச் செலவு செய்யப்பட்டதால் ஸ்கோரும் குறைந்தது. அதைச் சரிசெய்தால் கூடுதல் உதவி பெறும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்கிட்டார்கள். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் "இலக்கு" என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை திறந்து பாருங்கள். "செலவு" அல்லது "பயன்பாடு" என்று இருந்தால் எந்த வாசலை மாற்றியும் பயனில்லை. இலக்கை மாற்றி மாடலை மறுபடி பயிற்றுவிக்க வேண்டும்.

எதிலும் அகப்படவில்லை என்றால்

மென்பொருள் தந்தவர்களுக்கு எழுத வேண்டியதுதான். "ஸ்கோர் தப்பாக வருகிறது" என்று ஒரு வரி எழுதினால், "கேஷை அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள்" என்று ஒரு வரி பதில் வரும். ஒரு நோயாளியின் உள்ளீடுகள் அலகோடு, நீங்கள் கையால் போட்ட ஒவ்வொரு பகுதிப் புள்ளி, திரை காட்டிய புள்ளி, ஓடிய நேரம், மாடல் பதிப்பு, மேப்பிங் பதிப்பு எல்லாம் வையுங்கள். பெயர், நோயாளி எண், பிறந்த தேதி எதுவும் வேண்டாம், வயது போதும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் மேல் ஓரத்தில் பெயர் தெரிகிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பதில் வரும் வரை அந்த ஸ்கோரை மருத்துவர் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது "சரிபார்ப்பில் உள்ளது" என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.